முதுகு காட்டும் இராவணன்

வெண்கட்டியால் தரையில் ஒரு நீள்சதுரம் கீறியிருக்கிறார்கள். இரண்டு நாளில் 'இராவணேசன்' கூத்து ஏறப்போகிற மேடையின் அளவு அது. கோட்டுக்கு அப்பால் ஆட்டம், இப்பால் சனம். சனம் இருக்கவேண்டிய பக்கத்தில் இப்போது இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு தண்ணீர்ப் போத்தல், கழற்றிப் போட்ட செருப்புகள். மட்டக்களப்பில் பின்னேரம் ஆறு மணி. வாவிக் காற்று வரவேண்டிய யன்னல் எப்போதோ துருப்பிடித்து இறுகிவிட்டது.

இராவணன் அரைக்காற்சட்டையும் இலங்கை கிரிக்கெட் அணியின் நீலச் சட்டையுமாக நிற்கிறான். வயது இருபதோ இருபத்தொன்றோ. குந்தியிருந்து வலது காலில் சதங்கையைக் கட்டி, எழுந்து ஒருதரம் தட்டிப் பார்த்து, மனம் ஒப்பாமல் அவிழ்க்கிறான். பழந்துணியைக் கணுக்காலில் சுற்றி அதன்மேல் கட்டினால்தான் தோல் உரியாது. அந்தத் துணியை அவன் சுற்றுகிற விதத்தைப் பார்த்தாலே, இந்த மண்டபத்துக்கு வருவதற்கு முன்பே சதங்கை கட்டியவன் என்று தெரிந்துவிடும். படுவான்கரைப் பிள்ளை. வாவிக்கு மேற்கே, வயலும் குளமுமாகக் கிடக்கும் அந்த ஊர்களில் கூத்துக் களரியைச் சுற்றி ஓடித்திரிந்து வளர்ந்தவன்.

மத்தளம் நடுவயதுக்காரர் ஒருவரின் இடுப்பில். சல்லரி பிடிப்பவன் ஒரு பொடியன். தாளம் தப்பினால் தானே உதட்டைக் கடித்துக்கொள்கிறான். பிற்பாட்டுக்கு நாலு பேர் பாயில் இருக்கிறார்கள். மத்தளக்காரரின் தகப்பனார் சுவரோரக் கதிரையில். சாரன், வெள்ளைச் சேட், மடியில் வெற்றிலைச் சரை. ஊரில் அவர்தான் அண்ணாவியார். கூத்தைப் பழக்குகிறவர், மத்தளம் அடிக்கிறவர், யார் எந்த வேசத்துக்குச் சரி என்று ஒரு பார்வையில் முடிவுகட்டுகிறவர். இங்கே அவருக்கு வேலை ஒன்றும் இல்லை. மரியாதைக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, இருத்தி வைத்திருக்கிறார்கள். மண்டபத்தில் வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவரும் நானும்தான்.

இராவணன் வரவு. மத்தளம் எழும்புகிறது. பொடியன் கையில் சல்லரி பளிச்சென்று மோதுகிறது. நீலச்சட்டைக்காரன் முழங்காலை மடித்து, இடுப்பை இறக்கி, முதல் அடியை வைக்கிறான். அவன் கைகளைத்தான் நான் பார்த்தேன். இரண்டும் உடம்பை விட்டு ஒரு முழம் தள்ளி, வளைந்து நிற்கின்றன. ஊரில் வடமோடி என்னும் கூத்து வகையில் அரசனுக்குக் கரப்புடுப்பு உண்டு. உள்ளே வளையம் வைத்துக் குடைபோல விரித்த பாவாடை. அதைக் கட்டியவன் கையைத் தொங்கவிட முடியாது. இன்றைக்கு உடுப்பு இல்லை, கை மட்டும் அந்த உடுப்புக்கு இடம்விட்டு நிற்கிறது.

கோட்டின் இடது ஓரமாகப் போனான், மூலையில் குத்தி மிதித்தான், சுழன்றான். முதுகு எங்கள் பக்கம்.

நெறியாளர் கை தட்டி நிறுத்தினார். "தம்பி, சனம் இஞ்சால இரிக்கி. முதுகக் காட்டாதீங்க."

"ஓம் சேர்."

மறுபடி வரவு. மறுபடி மூலை. மறுபடி முதுகு. மூன்றாம்தரம் உடம்பு பாதி திரும்பிய இடத்தில் அவனுக்கே நினைவு வந்துவிட்டது. தலை சனத்தைப் பார்க்கிறது, கால் மற்றப் பக்கம் போகப் பார்க்கிறது. இடையில் இடுப்பு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. "இராவணன் புறமுதுகு காட்டலாமா?" என்றார் நெறியாளர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் நல்ல மனிதர், கோபத்தோடு சொல்லவில்லை. சுவரோரத்து அண்ணாவியார் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார்.

இராவணன் கட்டிய பிள்ளையின் கால் பிழை செய்யவில்லை. வட்டக்களரியில் முதுகு என்று ஒன்று கிடையாது. நடுவில் வட்டமான ஆடுகளம், ஓரத்தில் கம்பங்கள், அவற்றில் விளக்கு. நாலு புறமும் சனம். ஒரு பக்கத்துக்கு முதுகாக இருப்பது எதிர்ப்பக்கத்துக்கு முகம். வரும் ஆட்டக்காரன் எல்லாத் திசைக்கும் ஒரு சுற்று ஆடிக் காட்டாமல் வாய் திறக்க முடியாது. ஆடிக் காட்டாவிட்டால் அந்தப் பக்கத்தில் பாய் போட்டிருக்கும் மாமிமார் விடமாட்டார்கள்.

இரவு தொடங்கினால் விடியும்வரை ஆட்டம். கட்டியகாரன் வருவான், அரசன் வருவான், அவன் தேவி வருவாள், மந்திரி வருவான். ஒவ்வொருவருக்கும் தனி வரவு, தனித் தாளக்கட்டு. ஆட்டக்காரன் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் வாங்கி மறுபடி பாடுவார்கள். அவன் மூச்சு வாங்குவது அதற்குள்தான். ஏட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார். பிள்ளைகள் நடுச்சாமத்தில் தூங்கிவிடும். சண்டைக் கட்டம் வரும்போது தாய்மார் தட்டி எழுப்புவார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். இராவணன் சாவான் என்பது களரிக்கு வருமுன்பே தெரிந்த விசயம், ஆகவே யாருக்கும் அவசரமில்லை.

அதற்கு முன்னே மாதக்கணக்கில் நடப்பது இன்னொரு கூத்து. அண்ணாவியார் கோயில் முன்றலில் வைத்துச் சட்டம் கொடுப்பார். யாருக்கு எந்த வேசம் என்பது அன்றைக்குத் தீர்மானமாகும். தன் மகனுக்கு அரச வேசம் கிடைக்கவில்லை என்று முறுகிக்கொண்டு போகிற தகப்பனைச் சமாளிப்பதற்கும் அண்ணாவியாரே பொறுப்பு. பிறகு கிழமைக்கூத்தும் சதங்கை அணிதலும், கடைசியாக அரங்கேற்றம். அரங்கேறியபின் ஊரில் வீட்டு வாசல்களில் ஆடுவதும் உண்டு. ஒரு ஊர் ஒரு கூத்தை இறக்கியெடுப்பதென்றால் அந்த ஆண்டின் பாதிப் பேச்சு அதைப்பற்றித்தான்.

இதை எடுத்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கலாம் என்று முதலில் துணிந்தது பேராதனைப் பல்கலைக்கழகம். 'இராவணேசன்' அங்கே 1964-ல் பிறந்தது. தாய்க்கூத்து, மட்டக்களப்பு ஊர்கள் விடிய விடிய ஆடிவந்த வடமோடி இராமாயணக் கூத்து. செய்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். யாழ்ப்பாணத்தவர். மட்டக்களப்புக் கூத்தைக் கண்டு மயங்கி, அது படிப்பில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று மூக்கைச் சுழித்த தன் சொந்த வர்க்கத்துக்கு முன்னால் அதைக் கொண்டுவந்து நிறுத்தியவர். 1962-ல் 'கர்ணன் போர்', 1963-ல் 'நொண்டி நாடகம்', அடுத்த ஆண்டு 'இராவணேசன்', பிறகு 'வாலிவதை'. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் மலைநாட்டுக் குளிருக்கு ஏறிப் போய், விரிவுரைக்கும் பரீட்சைக்கும் இடையே மாணவர்களின் காலுக்கு ஆட்டம் பழக்கினார். அந்த இராவணன் வேசம் கட்டியவர் அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு. பின்னாளில் அவரே கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, அதே கூத்தைப் புதிய தலைமுறை மாணவர்களைக்கொண்டு மட்டக்களப்பு மண்ணில் மறுபடி ஆக்கினார். மட்டக்களப்பிலிருந்து போனது பேராதனையைச் சுற்றிக்கொண்டு மட்டக்களப்புக்கு வந்த கதை.

ஆனால் வித்தியானந்தனுக்கு முன்னால் பேராதனையில் இன்னொரு கதை நடந்திருந்தது. அதை விட்டுவிட்டு இதைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். எதிரிவீர சரச்சந்திர 1956 நவம்பர் 3-ந் தேதி கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் 'மனமே'யை மேடையேற்றினார். அதுவும் பழசைப் புதுசாக்கியதுதான். தென்கரையில் அம்பலாங்கொடைப் பக்கம் ஆடப்பட்டுவந்த நாடகம் என்னும் கூத்து வடிவத்தை, அந்த மரபில் வந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சேயைக் கொண்டு பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பழக்கி, ஓர் இரவுக்கும் அடங்காமல் நீளக்கூடியதை ஒரு மாலைக்குள் கொண்டுவந்தார். அந்தச் சிங்கள 'நாடகம்' எங்கிருந்து வந்தது? தமிழ்க் கத்தோலிக்கர் ஆடிய கூத்திலிருந்து. மத்தளம் அதே மத்தளம். மெட்டுக்கள் பலவும் அங்கிருந்து போனவை. சரச்சந்திரவே இதை மறைக்காமல் எழுதியவர். அந்த ஆண்டு ஜூனில்தான் சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற சட்டம் நிறைவேறியிருந்தது. ஐந்து மாதம் கழித்து, சிங்களத்தின் தேசிய அரங்கு பிறந்துவிட்டது என்று கொண்டாடப்பட்ட நாடகம் தமிழ்க் கூத்தின் பேரப்பிள்ளையாக மேடையில் நின்றது. யார் சிரிப்பது, யார் அழுவது?

'மனமே'யில் சரச்சந்திர தொட்டது நேரத்தை மட்டுமல்ல. பழைய கதையில் காட்டுவழியே வரும் இளவரசனை வேடர் தலைவன் மறிக்கிறான். சண்டையில் இளவரசி வாளை வேடனிடம் கொடுத்துக் கணவனைச் சாகவிடுகிறாள். பெண் மனம் நிலையற்றது என்பது அந்தக் கதையின் தீர்ப்பு. சரச்சந்திர அந்த ஒரு கணத்தை மட்டும் தள்ளி வைத்தார். அவருடைய இளவரசி, தனியனாய் நின்று பொருதிய வேடனைக் கொல்லவேண்டாம் என்று கணவனிடம் கேட்கிறாள். அவன் தடுமாறும் இடைவெளியில் வேடன் வாளைப் பறித்துவிடுகிறான். அவளைப் பிழை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக இனி யாராலும் முடியாது. பாட்டு, ஆட்டம், ஒப்பனை எல்லாம் பழைய வீட்டுச் சாமான். கேள்வி மட்டும் புதிது.

வித்தியானந்தனும் மாணவர்களும் இராவணனுக்குச் செய்தது ஏறக்குறைய இதேதான். களரியில் இராவணன் பல வேசங்களில் ஒன்று. பெரிய வேசம், நல்ல ஆட்டக்காரனுக்குக் கொடுக்கிற வேசம், ஆனால் இராமனைப்போல, அனுமனைப்போல அவனும் வந்து ஆடி முறைப்படி சாகவேண்டியவன். பேராதனையில் கதை அவனைச் சுற்றித் திரண்டது. வீரமும் பிடிவாதமும் பாசமும் சேர்ந்து தன்னையே அழித்துக்கொள்கிற ஒருவனின் கடைசி நாட்கள். கம்பனிடம் இந்த இராவணன் இருக்கவே இருக்கிறான். கூத்து மேடைக்கு அவனை அழைத்துவர ஆள்தான் வேண்டியிருந்தது. ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவதை நிறுத்தி, இந்த ஆட்டம் கோபத்துக்கு, இந்த ஆட்டம் துயரத்துக்கு என்று பொறுக்கிவைத்தார்கள். பிற்பாட்டைக் குறைத்தார்கள். உடுப்பின் பாரத்தைக் குறைத்தார்கள். எல்லோரையும் ஒரு திசையைப் பார்க்கச் செய்தார்கள்.

இரண்டாம் நாள் ஒத்திகையில் மண்டோதரி.

ஊரில் இதையும் ஆண்தான் கட்டுவார். அந்தப் பெண் வேசக்காரர்களுக்கு ஊரில் தனி மதிப்பு. வேசம் கலைந்து பகலில் சைக்கிளில் போகும்போதும் பொம்பிளைகள் வேலிக்குள் நின்று சுட்டிக்காட்டுவார்கள். இங்கே மண்டோதரி ஒரு மாணவி. தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகியிருக்கிறாள். போருக்குப் புறப்படும் கணவனை மறிக்கிற இடம். பாட்டை எடுத்தாள்; மண்டபம் அதிர்ந்தது. வாவியின் அக்கரைக்கும் கேட்டிருக்கும். ஊரில் ஒலிபெருக்கி இல்லாத காலத்து அண்ணாவிமார் பழக்கிய எடுப்பு, எந்த வழியிலோ இவள் தொண்டைக்கும் வந்திருக்கிறது.

"புள்ள, மைக் இரிக்கி. மெல்ல. நீங்க அவரோட மட்டும்தான் கதைக்கிறீங்க."

அவள் குரலை இறக்கினாள். ஆட்டத்தையும் குறைக்கச் சொன்னார் நெறியாளர். பிறகு ஆடவே வேண்டாம், அசையாமல் நில்லுங்கள் என்றார். பிற்பாட்டுக்காரர்களிடம், வரியைத் திரும்பப் பாடவேண்டாம், அடியில் சும்மா முனகுங்கள் என்றார். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முனகுவது அவர்களுக்கு வழக்கமில்லை. முதல் தடவை அது நோய்க்காரரின் முனகலாகவே வந்தது, பாயில் சிரிப்பு. மூன்றாம் நான்காம் தடவை ஏதோ பொருந்தி வந்தது. அவள் நிற்கிறாள், அவன் வாளைத் தொடப் போன கையைப் பாதியில் விடுகிறான், அடியில் நாலு ஆண் குரல். சல்லரிக்காரப் பொடியன் அடிக்க மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தான். அண்ணாவியாரைத் திரும்பிப் பார்த்தேன். கதிரையின் நுனிக்கு வந்திருந்தார்.

ஆற்றுகை நாள். ஒன்றரை மணிக் கூத்துக்கு முன்னால் ஒரு மணி நேரப் பேச்சு. குத்துவிளக்கை ஏற்ற ஒன்பது பேர், திரிக்கு ஆள் கூட. தொன்மை, பாரம்பரியம், அழிந்துவரும் கலை என்று மூன்று சொல்லையும் எல்லாரும் ஒருமுறையாவது சொன்னார்கள். முன்வரிசைச் சோபாவில் இருந்த அதிகாரிகளில் பாதிப் பேர் இராவணன் வருமுன்பே எழுந்து போய்விட்டார்கள். கூத்தைச் சுருக்குகிறவர்கள் யாராவது வரவேற்புரையையும் சுருக்கினால் பெரிய புண்ணியம்.

பின்வரிசைகளில் படுவான்கரைச் சனம். ஒரு வானிலும் இரண்டு ஓட்டோவிலும் வந்திறங்கியவர்கள். பிள்ளையை ஆட்டத்தில் பார்க்க வந்த தாய், ஒன்றுவிட்ட மாமன்மார், வெற்றிலைப் பெட்டியோடு இரண்டு கிழவிகள். கதிரையில் இருப்பது அவர்களுக்கு வசதியாக இல்லை. கால் தரையில் எட்டாத கிழவி ஒருத்தி காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

திரை விலகியது. சிவப்பு விளக்கில் இராவணன். கிரிக்கெட் சட்டைப் பிள்ளையைக் காணவில்லை. முடியும் தோள்அணியும் வைத்து, துணியால் தைத்த இலேசான விரிபாவாடையில், அவன் ஓர் அடி உயர்ந்து நின்றான். சனத்தைப் பார்த்தே ஆடினான். மூலையில் சுழலும்போதுகூட முகம் எங்களைவிட்டுப் போகாதபடி சுழன்றான். அந்தச் சுழற்சியை எத்தனை தரம் தனியே நின்று பழகினானோ.

மகனைப் பறிகொடுத்த செய்தி வரும் இடத்தில் மத்தளம் சட்டென்று நின்றது. சல்லரியும் நின்றது. அவன் நடந்தான். சதங்கை மட்டும் ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை. ஆறேழு அடிதான். களரியில் இது நடக்காது. அங்கே மத்தளம் ஓய்ந்தால் ஆட்டக்காரன் களைத்துவிட்டான் என்று பொருள், சனம் தேத்தண்ணிக் கடைப்பக்கம் எழும்பிவிடும். இங்கே ஐந்நூறு பேர் மூச்சுவிடாமல் இருந்தார்கள். பேராதனையில் 1964-ல் செய்த வேலைக்குப் பலன் என்னவென்று கேட்பவருக்கு அந்த ஆறேழு அடியை நான் காட்டுவேன். வெட்டியது, குறுக்கியது, வட்டத்தைச் சதுரமாக்கியது எல்லாவற்றுக்கும் அது ஈடு.

பிறகு கடைசிப் போர். மத்தளம் உச்சத்துக்கு ஏறியது. அவன் பாய்ந்தான், குத்தி மிதித்தான், பாடினான். பிற்பாட்டு எடுக்கவேண்டிய இடத்தில் மேடையிலிருந்த நாலு பேரோடு சேர்ந்து பின்வரிசையும் எடுத்தது. சம்மணம் போட்ட கிழவிதான் முதல் குரல். மாமன்மார் சேர்ந்தார்கள். நடுவரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்து "உஸ்" என்றார். யாரும் நிறுத்தவில்லை. மேடையில் இராவணனுக்கு அது கேட்டிருக்கவேண்டும். ஏனென்றால் அடுத்த சுற்றில் அவன் மறந்துவிட்டான். கைகள் பழையபடி ஒரு முழம் விலகி வளைந்தன. முழுச் சுற்று, முதுகு எங்களுக்கு, முகம் யாருமில்லாத பின்திரைக்கு. அந்தத் திரைக்குப் பின்னால் பாய் போட்டு ஒரு சனம் இருப்பதுபோல் அந்தப் பக்கத்துக்கும் ஆடி முடித்துவிட்டு எங்களிடம் திரும்பினான். நெறியாளர் ஓரத்தில் நெற்றியில் கை வைத்தார்.

எல்லாம் முடிந்து, பொன்னாடைகளும் போர்த்தியபின், வாசலில் அண்ணாவியாரிடம் யாரோ அபிப்பிராயம் கேட்டார்கள். மூன்று நாளில் நான் கேட்ட அவருடைய ஒரே வாக்கியம் இது: "நல்லாத்தான் இரிக்கி மனே. கெதியா முடிஞ்சிற்று."

பழைய கூத்தை இப்படி ஆக்குவது சரியா என்ற வழக்கு மட்டக்களப்பில் இன்னும் முடியவில்லை. வித்தியானந்தன், மௌனகுரு வழியில் இதைச் செம்மையாக்கம் என்பார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்து சி. ஜெயசங்கரும் அவரோடு நின்றவர்களும் வேறு பக்கம். கூத்தை ஊரிலிருந்து பெயர்த்து மண்டபத்தில் நடுவதென்றால், அதை இதுவரை காத்தவர்களுக்கு அதில் என்ன இடம் என்று கேட்டார்கள். சீலாமுனையில் ஊர்ச் சனத்தோடு உட்கார்ந்து பேசி, பழைய கதைகளில் பெண்ணைப்பற்றியும் சாதியைப்பற்றியும் உறுத்துகிறவற்றை ஊராரே மாற்றி எழுதி, அதே வட்டக்களரியில், அதேபோல விடியும்வரை ஆடினார்கள். அதற்குப் பெயர் மீளுருவாக்கம். இரு தரப்புக்கும் கட்டுரைகள் உண்டு, கோபங்கள் உண்டு, ஒரே கலியாண வீட்டில் சந்தித்தால் முகம் பார்த்துச் சிரித்துக்கொள்வதும் உண்டு.

என் பார்வையில் இரண்டு தரப்பும் சரி என்று சொல்லித் தப்பலாம், அப்படிச் சொல்லமாட்டேன். நாடகம் என்ற அளவில் 'இராவணேசன்' நிற்கிறது. ஐம்பது அறுபது ஆண்டு கழித்தும் ஒரு புதுப் பையன் அந்த வேசத்துக்குள் புகுந்து ஐந்நூறு பேரை அடக்க முடிகிறதென்றால் அதற்கு மேல் சான்று தேவையில்லை. ஊர்க்கூத்தைக் கெடுத்தது இது என்ற குற்றச்சாட்டையும் நான் ஏற்கவில்லை. இரவில் வெளியே கால்வைத்தால் உயிருக்கு உத்தரவாதமில்லாத ஆண்டுகள் படுவான்கரையில் எத்தனையோ போயின. விடிய விடிய ஆடும் கூத்தை முறித்தது யுத்தம், பேராசிரியர்கள் அல்ல. ஆனால் ஜெயசங்கர் பக்கத்து வாதத்தில் ஒன்றை என்னால் தட்டிக்கழிக்க முடியவில்லை. அந்தப் பையனின் இடுப்பும் தோளும் காலும் மண்டபத்தில் விளையவில்லை. மண்டபத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கே நிறுத்துவது என்பதை; ஆடுவதை அவன் கொண்டுவந்தான். அவனுடைய ஊரில் களரி போடுவது நின்றுவிட்டால் அடுத்த இராவணனை வெண்கட்டிக் கோட்டுக்குள் வைத்து முதல் அடியிலிருந்து பழக்கவேண்டிவரும். அப்படிப் பழகியவர்கள் ஆடியதையும் பார்த்திருக்கிறேன். முகம் எந்நேரமும் சனத்தைப் பார்க்கிறது, கை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது.

கூத்து என்று சொல்லி இப்போது காசு வரத்தான் செய்கிறது. கொழும்பிலிருந்து வருகிறது, புலம்பெயர்ந்தவர்களிடமிருந்து வருகிறது, தூதரகங்களிலிருந்தும் சிலவேளை வருகிறது. அது மண்டப வாடகைக்கும் விளக்குக்கும் நினைவுமலருக்கும் போகிறது. போகட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதில் ஒரு பங்கு படுவான்கரை ஊர்களுக்கும் போகவேண்டும். தோல் கிழிந்த மத்தளத்துக்கு மூட்டுப் போட, கரப்புடுப்புக்குத் துணி எடுக்க, வயல் வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் பிள்ளைகளைப் பழக்குகிற அண்ணாவியாருக்கு ஒரு நாட்கூலியாவது கொடுக்க. கேட்டால் ஊர்க் கோயில் தலைவர்மார் கணக்கு எழுதித் தருவார்கள். காசு இல்லாதவர்கள் அறுவடை முடிந்த மாதங்களில் வாவியைக் கடந்து போய், எந்த ஊரில் கூத்து என்று விசாரித்து, பாயைக் கையோடு கொண்டுபோய் விடியும்வரை இருங்கள். நுழைவுச்சீட்டு கிடையாது.